வெயிலும் காற்றும் மலிவாகிவிட்டன, அப்புறம் என்ன தடை? எரிசக்தி மாற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வாசல் சுவரில் மாட்டிய மீட்டரில் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். ஒன்று வாரியத்திடமிருந்து வாங்கிய யூனிட், இன்னொன்று வாரியத்துக்குக் கொடுத்த யூனிட். வீட்டுக்கு வருகிற யாரும் அதன் முன் ஒரு நிமிடம் நிற்காமல் போவதில்லை. "இதற்கு எவ்வளவு ஆச்சு?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, "இந்தியா ஏன் இன்னும் நிலக்கரி எரிக்கிறது?" என்பது வரை போய்விடும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எரிசக்தி மாற்றம் என்றால் அனல்மின் நிலையத்துக்குப் பதிலாக சோலார் வைப்பதுதானே?

அது பாதி வேலை. உலகம் செலவழிக்கும் ஆற்றலில் மின்சாரமாகப் பயன்படுவது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். மீதி லாரிக்கு டீசல், அடுப்புக்கு காஸ், செங்கல் சூளைக்கு விறகும் கரியும், உருக்காலைக்கு நிலக்கரி என்று நேரடியாக எரிகிறது. ஆகவே செய்ய வேண்டியது இரண்டு: மின்சாரத்தைப் புகையில்லாமல் தயாரிப்பது, அப்புறம் இப்போது எரிபொருளில் நடக்கும் வேலைகளில் முடிந்தவற்றை மின்சாரத்துக்குக் கொண்டுவருவது. இரண்டாவது வேலை முதலாவதை விட நீளமானது. சிமெண்ட், உருக்கு, கப்பல், விமானம் எல்லாம் அதில்தான் வருகின்றன.

உலகம் இப்போது எங்கே நிற்கிறது?

2024இல் உலக மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் சூரியன், காற்று, நீர், அணு ஆகியவற்றிலிருந்து வந்தது. சூரிய மின்சாரம் மூன்று வருடங்களில் இரட்டிப்பானது. இது நல்ல செய்தி. ஆனால் அதே ஆண்டில் உலகம் எரித்த நிலக்கரியும் முன்னெப்போதும் இல்லாத அளவைத் தொட்டது. மின்சாரம், எரிபொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றும் இன்னும் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கூட்டல் வேகமாக நடக்கிறது, கழித்தல் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. என் கவலையெல்லாம் இந்தக் கழித்தலைப் பற்றித்தான்.

சோலார் தகடு எப்படி இவ்வளவு விலை இறங்கியது?

விஞ்ஞானிகள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்து ஒரே நாளில் விலை விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விலையை இறக்கியதில் பெரிய பங்கு ஒரு சட்டத்துக்கு உண்டு. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் அமலுக்கு வந்தது. அது சொன்னது எளிமையானது: உன் கூரையிலிருந்து கிரிட்டுக்கு, அதாவது எல்லோரையும் இணைக்கும் பொது மின்கம்பி வலைக்கு வரும் ஒவ்வொரு யூனிட்டையும் மின் நிறுவனம் வாங்கியே ஆக வேண்டும், அதுவும் 20 வருடத்துக்கு ஒரே விலையில். சூரிய மின்சாரத்துக்கு அப்போது நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 99 ஃபென்னிக், அதாவது சுமார் அரை யூரோ. சந்தை விலையோடு ஒப்பிட்டால் மிக அதிகம். ஆனால் தாமதமாகச் சேர்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் விலை குறையும் என்ற நிபந்தனையும் சட்டத்திலேயே இருந்தது.

20 வருட வருமானம் உறுதி என்று காகிதத்தில் இருந்தால் வங்கி கடன் கொடுக்கும். விவசாயி தொழுவத்துக் கூரையில் வைத்தார், பள்ளிக்கூடங்கள் வைத்தன, ஊர்க்காரர்கள் கூட்டுறவு அமைத்து வைத்தார்கள். அந்தக் கூடுதல் செலவை ஜெர்மன் மக்கள் தங்கள் மின் கட்டணத்தில் ஒரு தனி வரியாகச் சுமந்தார்கள். 2022 ஜூலையில்தான் அந்தச் சுமை கட்டணத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஜெர்மனியில் உருவான அந்தத் தேவையை நம்பித்தான் சீனா தொழிற்சாலைகளைக் கட்டியது. தயாரிப்பு பெருகப் பெருக விலை இறங்கியது. 2010இலிருந்து 2023க்குள் சூரிய மின்சாரத்தின் செலவு 90 சதவீதம் குறைந்துவிட்டது. இன்று தகடு தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருக்கிறது. அக்கா வீட்டு மாடியில் இருக்கும் தகட்டின் விலையில் ஒரு பகுதியை முகம் தெரியாத ஏதோ ஒரு ஜெர்மன் குடும்பம் 15 வருடத்துக்கு முன்பே கட்டிவிட்டது என்று நான் சொல்வதுண்டு. அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும்.

பணக்கார நாடுகள் செய்யலாம். வளரும் நாடு ஒன்று செய்து காட்டியிருக்கிறதா?

உருகுவே. தென் அமெரிக்காவில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே இருக்கும் சிறிய நாடு, மக்கள்தொகை சுமார் 34 லட்சம். சொந்தமாக எண்ணெயும் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஆறுகளில் அணைகள் இருந்தன. மழை பொய்த்தால் எண்ணெயை இறக்குமதி செய்து எரிக்க வேண்டும், கருவூலம் காலியாகும்.

2008இல் ரமோன் மெந்தெஸ் என்ற இயற்பியலாளரை அரசு எரிசக்தித் துறைக்கு இயக்குநராக்கியது. அவர் கொண்டுவந்த திட்டத்தின் உயிர் இரண்டு விஷயங்களில் இருந்தது. ஒன்று, தனியார் நிறுவனங்கள் காற்றாலை அமைக்கட்டும், ஏலத்தில் குறைந்த விலை கேட்பவரிடம் அரசு மின் நிறுவனம் நீண்ட கால ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளும். இரண்டு, எதிர்க்கட்சிகள் உட்பட எல்லாக் கட்சிகளும் 2010இல் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தத் திட்டத்துக்குச் சம்மதித்தன. ஆட்சி மாறினாலும் கொள்கை மாறாது என்று முதலீட்டாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு உருகுவேயில் பிடித்த பகுதி இந்த இரண்டாவதுதான். பத்து வருடங்களுக்குள் காற்றாலை மின்சாரம் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அங்கே மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வருகிறது.

இதில் ஒரு அழகான பொருத்தமும் இருக்கிறது. காற்று வீசும்போது மதகை மூடித் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறார்கள், காற்று நின்றால் மதகைத் திறக்கிறார்கள். பழைய அணையே புதிய காற்றாலைக்கு பேட்டரி ஆகிவிட்டது.

நிலக்கரியை முழுதாக நிறுத்திய பெரிய நாடு உண்டா?

பிரிட்டன். உலகில் பொதுமக்களுக்கு நிலக்கரி மின்சாரம் விற்ற முதல் நிலையங்களில் ஒன்று லண்டனில் 1882இல் தொடங்கியது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. நடுவே 142 வருடங்கள். 2012 வாக்கில்கூட அங்கே மின்சாரத்தில் 40 சதவீதம் நிலக்கரிதான். 2013இல் கரிமத்துக்குக் குறைந்தபட்ச விலை ஒன்றை வைத்தார்கள். புகைக்கு விலை வந்ததும் நிலக்கரி மின்சாரம் கட்டுப்படியாகாமல் போனது. அந்த இடத்தில் எரிவாயுவும், கடலில் நட்ட காற்றாலைகளும் வந்தன. எரிவாயுவை அவர்கள் இன்னும் விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாரிஸ் ஒப்பந்தம் யாரையாவது கட்டுப்படுத்துமா?

தண்டனை கிடையாது. 2015இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டது, புவி வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே நிறுத்துவது, 1.5 டிகிரிக்குள் வைக்க முயல்வது என்பதை. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக் கொடுக்கும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதை உயர்த்தும். அமெரிக்கா 2020இல் விலகியது, 2021இல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. அந்த அளவுக்குத்தான் பிடி.

ஆனாலும் அதைப் பயனில்லாதது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2023இல் துபாய் காலநிலை மாநாட்டில், ஏறக்குறைய 30 வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்ற புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்வது என்ற வரி முதல்முறையாக முடிவறிக்கையில் ஏறியது. 2030க்குள் புதுப்பிக்கத்தக்க மின் திறனை மூன்று மடங்காக்குவோம் என்றும் அங்கே சொன்னார்கள். சீனா 2060, இந்தியா 2070 என்று நிகர பூஜ்ய ஆண்டுகளை (வெளியிடும் புகையும் திரும்ப உறிஞ்சும் அளவும் சமமாகும் ஆண்டை) குறித்திருப்பதும் இந்த ஏற்பாட்டின் விளைவுதான். உள்நாட்டில் ஒரு சட்டமாகவோ ஏலமாகவோ மாறும்போதுதான் அந்த வரிகளுக்கு உயிர் வருகிறது.

பொழுது சாய்ந்தால் சோலார் நின்றுவிடுமே, ராத்திரிக்கு என்ன செய்வது?

நியாயமான கேள்வி, எல்லோரும் கேட்பது. வால்பாறை மலையில் காடம்பாறை என்ற இடத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்தே இதற்கு ஒரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கும் மேல் ஆழியாறு தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். நீரேற்று மின் நிலையம் என்று பெயர். ஏற்றும்போது கொஞ்சம் ஆற்றல் வீணாகும், ஆனால் வீணாகப் போகவிருந்த மின்சாரத்தைக் காப்பாற்றித் தருகிறது.

இன்னொரு பதில் பேட்டரி. அதன் விலையும் 2010இலிருந்து 90 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. கலிஃபோர்னியாவில் பகல் வெயிலைப் பேட்டரிகளில் பிடித்து வைத்து மாலையில் விடுகிறார்கள். 2024 ஏப்ரலில் சில மாலைகளில் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய மின் ஆதாரமாகப் பேட்டரிகளே இருந்தன. மாலை ஆறிலிருந்து பத்து வரை, விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஒன்றாக ஓடும் அந்த நான்கு மணி நேரத்தைச் சமாளித்துவிட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. பல நாட்கள் தொடர்ந்து வெயிலும் காற்றும் இல்லாத குளிர்காலம் உள்ள நாடுகளுக்கு இது போதாது. அங்கே நீர்மின், அணுமின் அல்லது பக்கத்து நாட்டிலிருந்து வரும் மின்கம்பி தேவைப்படும்.

நல்ல காற்றிலும் சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்கின்றனவே, ஏன்?

மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பேருந்தின் ஜன்னல் கம்பியே விசிலடிக்கும் அளவுக்குக் காற்று. பத்து காற்றாலை சுற்றும், பக்கத்தில் இரண்டு அசையாமல் நிற்கும். சில சமயம் பழுது காரணமாக இருக்கும். சில சமயம், அந்த நேரத்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ள கிரிட்டில் இடம் இல்லாததால் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்.

வியட்நாமில் இது பெரிய அளவில் நடந்தது. யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் தருகிறோம், குறிப்பிட்ட தேதிக்குள் முடிப்பவர்களுக்கு மட்டும் என்று அரசு அறிவித்தது. 2018இல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத இடத்தில் 2020 முடிவதற்குள் 16,000 மெகாவாட்டுக்கு மேல் சோலார் எழுந்தது. தகடு வைக்கச் சில மாதம் போதும், உயர் அழுத்த மின்தடம் இழுக்க வருடக்கணக்கில் ஆகும். வெயில் அதிகமுள்ள தென்பகுதி மாகாணங்களில் குவிந்த மின்சாரத்தைக் கொண்டுபோக வழியில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டி வந்தது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் தவித்தார்கள்.

இலங்கையில் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், ஆலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்த நாட்களில், கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அணைத்து வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டில் தவித்த அதே தீவு. சேமிக்க இடமும் கொண்டுபோகக் கம்பியும் இல்லாவிட்டால் இலவச வெயில்கூட உதவாது.

இதற்கு நல்ல உதாரணமும் உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் தடம் ஒன்று இருக்கிறது, 6,000 மெகாவாட் கொண்டுபோகக் கூடியது. வடக்கிலிருந்து தெற்கே மின்சாரம் கொண்டுவருவதற்காகக் கட்டியது. தெற்கே காற்று மிஞ்சும் நாட்களில் வடக்கே அனுப்பவும் அது வழி தருகிறது. சோலார் பூங்கா திறப்பு விழாவுக்கு வரும் கேமராக்கள் மின்தடத்துக்கு வருவதில்லை. ஆனால் அடுத்த பத்து வருடத்தின் வேலை அங்கேதான்.

இந்தியா 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். அப்புறம் ஏன் நிலக்கரி?

2025இல் எட்டிய அந்த 50 சதவீதம், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத மின் நிலையங்களின் நிறுவு திறன். அதாவது எவ்வளவு தயாரிக்க முடியும் என்ற அளவு. இலக்கை ஐந்து வருடம் முன்பாகவே தொட்டது உண்மையான சாதனை. ஆனால் உண்மையில் தயாராகும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் 70 சதவீதத்துக்கு மேல்.

அக்கா வீட்டு மீட்டரை வைத்தே சொல்கிறேன். 3 கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் தரும். அதே 3 கிலோவாட் அனல்மின் நிலையத்தில் இருந்தால், இரவும் பகலும் ஓடி, 70 சதவீத வேகத்திலேயே 50 யூனிட் தரும். திறன் சமமாக இருந்தாலும் விளைச்சல் நான்கில் ஒன்று. அதனால் செய்தித்தாளில் மெகாவாட் என்று பார்த்தால், "யூனிட் எவ்வளவு?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் போய்விடும்.

புகையை நிரப்பியது பணக்கார நாடுகள். நாம் ஏன் சுமக்க வேண்டும்?

கோபம் நியாயமானது. இன்றும் ஒரு அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், ஒரு இந்தியர் சுமார் 2 டன்னுக்கு. 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் சொன்னார்கள். 2022இல்தான் அந்த அளவை எட்டியதாக அவர்களே கணக்குக் காட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து மறுப்புத் தெரிவித்தார்.

இதில் அதிகம் பேசப்படாத விஷயம் வட்டி. அனல்மின் நிலையத்தில் செலவு வருடா வருடம் நிலக்கரி வாங்கப் போகும். சோலாரில் எரிபொருள் செலவே இல்லை, முழுப் பணத்தையும் முதல் நாளே போட வேண்டும். ஆகவே சோலார் மின்சாரத்தின் விலை என்பது பெரும்பாலும் கடன் வட்டியின் விலைதான். ஏழை நாடுகளில் அந்த வட்டி பணக்கார நாடுகளைப் போல இரண்டு, மூன்று மடங்கு. உலகின் மிகச் சிறந்த வெயில் வளத்தில் 60 சதவீதம் ஆப்பிரிக்காவில் இருந்தும், நிறுவிய சோலாரில் அங்கே இருப்பது 1 சதவீதம்தான். வெயிலா குறை? குறைந்த வட்டியில் கடன் கொடுப்பதுதான் பணக்கார நாடுகள் செய்யக்கூடிய நேர்மையான பரிகாரம் என்று நான் நினைக்கிறேன்.

அணுமின் நிலையம் தீர்வாகாதா?

ஓரளவு. பிரான்ஸ் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்த வழியில் போய், இன்றும் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தை அப்படித்தான் எடுக்கிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளையும் 2023 ஏப்ரலில் மூடியது. நிலக்கரி ஓடும்போது நன்றாக ஓடும் அணு உலையை முதலில் மூடியது தவறான வரிசை என்பது என் கருத்து. புதிதாகக் கட்டுவதில் சிக்கல் காலம்தான்: பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ மூன்றாவது உலை 2005இல் தொடங்கி 2023இல்தான் முழுதாகச் செயல்பட ஆரம்பித்தது.

நிலக்கரியை நம்பி வாழ்கிறவர்கள் கதி?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாராவது எரிசக்தி மாற்றம் பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவில் கொமாட்டி அனல்மின் நிலையம் 2022 அக்டோபரில் நின்றது. அங்கே சோலாரும் பயிற்சி மையமும் வரும் என்றார்கள். ஆனால் மாற்று வேலைகள் வருவதற்கு முன்பே நிலையம் நின்றுவிட்டது. ஊரில் கடை வைத்திருந்தவர், வாடகைக்கு அறை விட்டவர், சாப்பாடு போட்டவர் எல்லோருக்கும் அடி விழுந்தது. நிலையத்தின் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாததால் இழப்பீட்டுக் கணக்கிலும் வரவில்லை.

ஜெர்மனி 2038க்குள் நிலக்கரியை விடுவதாகச் சட்டம் போட்டபோது சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அந்த அளவுக்கு நம்மால் முடியாது. ஆனால் தன்பாத், கோர்பா, நெய்வேலி போன்ற ஊர்களில் எந்த வருடம் எந்தச் சுரங்கம் மூடும், அதற்கு முன் அங்கே என்ன வரும் என்பதைப் பத்துப் பதினைந்து வருடம் முன்பே ஊர்க்காரர்களிடம் சொல்வதற்குப் பணம் தேவையில்லை.

மின்சார ஸ்கூட்டரும் நிலக்கரி மின்சாரத்தில்தானே ஓடுகிறது?

ஆமாம், இருந்தும் புகை குறைவு. 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட் போகும். இந்திய கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 2.1 கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு 2 லிட்டர், அதிலிருந்து 4.6 கிலோ. கிரிட் சுத்தமாக ஆக முதல் கணக்கு தானே இறங்கும். இரண்டாவது இறங்காது.

பேட்டரிக்காக பூமியைத் தோண்டுகிறார்களே?

தோண்டுகிறார்கள், அதில் அநியாயமும் நடக்கிறது. பல பேட்டரிகளில் சேரும் உலோகம் கோபால்ட். உலகக் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள். கோபால்ட்டே தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது வேகமாகப் பரவி வருவது ஒரு ஆறுதல். தோண்டும் அளவையும் ஒப்பிட வேண்டும்: நிலக்கரி மட்டுமே ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கு மேல் தோண்டி, ஒரே முறை எரித்துச் சாம்பலாக்குகிறோம். பேட்டரியில் இருக்கும் உலோகத்தைத் திரும்ப எடுக்கலாம்.

சரி, நான் என்ன செய்யலாம்?

சொந்த மாடி இருந்து, காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை தென்னை நிழல் விழாமல் இருந்தால் சோலார் போடுங்கள். 2024இல் தொடங்கிய மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. தகட்டில் தூசி படிந்தால் விளைச்சல் குறையும். அக்கா வாரம் ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கும் இந்த வழி எளிதில்லை. பாகிஸ்தானில் 2024இல் மட்டும் சுமார் 17,000 மெகாவாட் அளவுக்குத் தகடுகள் இறக்குமதியாயின. கட்டண உயர்வு தாங்காமல் மக்களே வாங்கி மாட்டினார்கள். வசதியுள்ளவர்கள் கிரிட்டிலிருந்து விலக விலக, கம்பியையும் நிலையங்களையும் பராமரிக்கும் செலவு மாடி இல்லாதவர்களின் தலையில் விழுகிறது. நம் ஊரிலும் இது நடக்காமலிருக்க விதிகளை இப்போதே சரியாக எழுத வேண்டும்.

அந்த விதிகளை எழுதுவது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தை மாற்றும் முன் ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும், கூட்டமும் நடத்தும். தமிழிலேயே எழுதி அனுப்பலாம், நேரில் போய்ப் பேசலாம். அடுத்த அறிவிப்பு வரும்போது பேச அக்கா ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி, மாடி இல்லாத எதிர் வீட்டுக்காரர்களும் ஊர்ப் பொதுவில் ஒரு சோலாரில் பங்கு வாங்க வழி செய்யுங்கள் என்பது.